விரற்கடை

மணலில் ஏற்றி வைத்தால் இரண்டு கால்.
குனிந்து நடுவே பார்த்தால்
அந்தப் பக்கம் மாதா கோயில் கொடிமரம்.
லிகோரி உவரிக் கொட்டகையில்
மிஞ்சிய ஃபைபரில் அடித்தெடுத்த படகு.
கூடுதாழையில் பார்த்தவரெல்லாம் கேட்டார்கள்:
"கட்டிலைக் கவுத்துப்போட்டு
இன்ஜின் மாட்டியிருக்கீரோ வே?"

பதினைந்து குதிரை, இரண்டாம் கை.
அவனைவிட நான் பதினாறு கிலோ குறைவு
என்பதால் ஓட்டுவது நான்.
முதல் நாள் கைப்பேசி காட்டியது முப்பத்தொன்று.
கணவாய் வண்டி ஏழரைக்குக் கிளம்பிவிடும்,
அதற்குத்தான் வேகம் என்று
மாமியாரிடம் சொன்னோம்.
அவள் நம்பவில்லை.
நாங்களும்தான்.

கணக்கு நோட்டில் முன்பக்கம் ஐஸ், பெட்ரோல், தரகு.
பின்பக்கத்திலிருந்து வேகம்.

பின்தட்டில் வேப்பம்பலகைத் துண்டு வைத்து
இன்ஜினை ஒரு விரற்கடை தூக்கினோம்: முப்பத்து மூன்று.
இன்னொரு விரற்கடை: முப்பத்தைந்து.
மூன்றாவதில் விசிறி காற்றைக் கடித்தது.
இன்ஜின் மட்டும் எங்கோ போனது, ஊளையிட்டு.
படகு போகவில்லை.
பக்கத்தில் பீச்சுகிற நீர்த்தாரையும் நின்றது.
"ஏட்டி அமத்து, அதுக்கு மூத்திரம் அடைச்சிட்டு!"
அரை விரற்கடை இறக்கினோம்.

திசையன்விளையில்
முறுக்கு கூடிய பழைய விசிறி ஒன்று கிடைத்தது.
பாலம் ஏறும் பாரவண்டி போல முக்கியது.
முப்பத்திரண்டு.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து
வாங்கி வந்த கழித்தல் குறி.

பெட்ரோல் டாங்கை அணியத்துப் பக்கம் நகர்த்தினோம்,
தவளைக் குதி நின்றது.
நங்கூரம் இறங்கியது, உபரிக் கயிறு இறங்கியது,
ஒருநாள் லிகோரியே இறங்கிவிட்டான்.
"தனியாப் போய்ப் பாரு."
முப்பத்தெட்டு.
ஒரு கணவனின் எடை: மூன்று கிலோமீட்டர்.
நோட்டில் அப்படியேதான் எழுதினேன்.
படித்தவன் இரண்டு நாள்
மூன்று தோசையோடு கை கழுவினான்.

அதற்கு மேல் அசையவில்லை.
கார்பரேட்டரைத் திட்டினோம்,
பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினோம்,
நீரோட்டத்தைக்கூட விடவில்லை.

பிறகு ஒரு மத்தியானம்
படகைக் கவிழ்த்துப் போட்டு,
தையல் நூலைத் துணி நீலத்தில் முக்கி,
அணியத்திலிருந்து பின்தட்டுவரை இழுத்துப் பிடித்து
சுண்டினேன்.
நீளத்துக்கும் நீலம் விழுந்தது,
பின்னால் ஒரு கையகலம் தவிர.

கார்த்திகை மழைக்குக் கரையேற்றி
பனந்தடிமேல் வைத்திருந்தோமே, அந்த இடம்.
பிள்ளை கன்னத்துக் குழி அளவுகூட இல்லை.
அதுதான் மூன்று மாதமாய்
பின்னைத் தூக்கி முன்னை அமுக்கிக்கொண்டிருந்தது,
ஒன்றும் தெரியாத பிள்ளையாக.

பசை பூசி, காயவிட்டு, தேய்த்து,
மறுபடி பூசி மறுபடி தேய்த்து
லிகோரியின் கையெல்லாம் ஃபைபர் அரிப்பு.
என் கண்ணை நம்பாமல்
நூலை நாலு தரம் சுண்டினேன்.

கச்சான் ஓய்ந்த காலை.
இரண்டு பேரும் ஏறினோம், கணவாய்க் கூடையோடு.
பிடியை முறுக்கினேன்.
முன்பக்கம் எழுந்தது.
அதன்பின் நான் ஒன்றும் செய்யவில்லை.
இரண்டு கால்களுக்கு நடுவே காற்று நுழைந்து
வெளியேற மறந்தது.
அடிவயிற்றில் தண்ணீர் அறைகிற சத்தம்
சட்டென்று இல்லை.
கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது
இரண்டு உள்ளங்கை அளவும் ஒரு விசிறியும்.
லிகோரி ஏதோ கத்தினான்,
அது பின்னால் உவரிக்குப் போயிருக்கும்.

இன்னொரு தடவை, என்றேன்.
அப்புறம் இன்னொரு தடவை.

கரையில் கேட்டார்கள்: "எம்புட்டுப் போச்சு?"
லிகோரி என்னைப் பார்த்தான்.
எடை குறைக்கவென்று
கைப்பேசியை மாமியாரிடம் கொடுத்திருந்தேன்,
நூற்றெண்பது கிராம்.

கண்ணில் வந்த தண்ணீர்
காதுக்குள் கிடந்தது எனக்கு.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

அன்றைய தேதிக்கு நேரே
பெட்ரோல் ஆறு லிட்டர் என்று இருக்கிறது.
வரவு இல்லை.
வண்டி ஏழரைக்கே போய்விட்டிருந்தது.